ஆயுளும் அழகும் அடுப்படியில்

நீண்ட நாள் வாழ வேண்டும், நோயின்றி வாழ வேண்டும், பார்ப்பதற்கு நன்றாக இருக்க வேண்டும் என்ற ஆசை மனிதராய்ப் பிறந்த எவருக்கும் உண்டு. அதில் தவறு ஏதுமில்லை. ஆனால் இவற்றை எங்கே தேடுகிறோம் என்பதில்தான் நம் அறிவும் அறியாமையும் வெளிப்படுகின்றன. அண்மைக் காலமாக நம் வயதுப் பெண்கள் பலர் இவற்றை ஜப்பான் நாட்டில் தேடுகிறார்கள். ஜப்பானியர் அருந்தும் பச்சைத் தேநீர், ஜப்பானியர் முகத்தில் பூசும் அரிசி நீர், ஜப்பானியர் கூந்தலில் தடவும் எண்ணெய் என்று கைப்பேசியில் காணாத நாளே இல்லை எனலாம். சிறு குப்பியில் அடைத்த அரிசி நீரைப் பல நூறு ரூபாய் கொடுத்து வாங்குகிறோம். அதே வேளையில், நம் வீட்டு அடுப்படியில் அரிசி களைந்த கழுநீர் சாக்கடைக்குப் போய்க்கொண்டிருக்கிறது. நெய்வேலி நகரியத்தில் வாழும் மாணவியராகிய நாம் இதைச் சற்று நின்று சிந்திப்பது நலம்.

ஜப்பானியரைப் பார்த்து உலகம் வியப்பதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. அந்நாட்டில் 100 வயதைக் கடந்தோரின் எண்ணிக்கையை 1963-ஆம் ஆண்டு முதன்முதலாகக் கணக்கெடுத்தபோது 153 பேரே இருந்தனர். 2025-ஆம் ஆண்டிலோ அந்த எண்ணிக்கை ஒரு லட்சத்தை நெருங்கிவிட்டது. அவர்களில் பத்தில் ஒன்பது பேர் ஏறக்குறையப் பெண்கள். இன்று ஜப்பானியப் பெண்களின் சராசரி ஆயுள் 87 ஆண்டுகள். கேன் தனாகா என்ற மூதாட்டி 2022-ஆம் ஆண்டு மறைந்தபோது அவருக்கு வயது 119! எனவே, இவர்கள் என்ன உண்டார்கள், எப்படி வாழ்ந்தார்கள் என்று கேட்பது முறையான கேள்வியே.

முதலில் உணவைப் பார்ப்போம். ஜப்பானின் தென்கோடியில் உள்ள ஒகினாவாத் தீவுகளே முதியோருக்குப் பெயர் பெற்றவை. அங்கே நூறு வயதினரைப் பற்றிய ஆராய்ச்சி 1975-ஆம் ஆண்டிலேயே தொடங்கிற்று. அத்தீவின் பழைய உணவில் பெரும்பங்கு எது தெரியுமா? சர்க்கரைவள்ளிக் கிழங்கு! அதனுடன் சோயாப் பயற்றிலிருந்து செய்யும் டோஃபு, கடற்பாசி, கீரைகள், சிறிது மீன், எப்போதாவது பன்றி இறைச்சி. அவர்கள் 'கோயா' என்று கொண்டாடும் காய் நம் பாகற்காயேதான். 'உகோன்' என்று தேநீராக்கிக் குடிப்பது நம் மஞ்சளேதான். நாம் தட்டின் ஓரத்தில் ஒதுக்கி வைக்கும் பாகற்காய், கடல் கடந்து சென்றதும் காயகற்பம் ஆகிவிடுகிறது!

மேனி பேணும் செடிகளும் அப்படியே. பழைய ஜப்பானியப் பெண்கள் அரிசித் தவிட்டைச் சிறு துணிப்பையில் கட்டி உடம்பைத் தேய்த்துக் குளித்தார்கள். 'அசுகி' என்ற சிவப்புப் பயற்றை அரைத்து முகம் கழுவினார்கள். 'ஹெச்சிமா' என்ற கொடியின் தண்டை அறுத்து, அதில் வடியும் நீரை முகத்தில் பூசினார்கள். 'சுபாகி' என்ற பூமரத்தின் விதையிலிருந்து ஆட்டிய எண்ணெயைக் கூந்தலில் தடவினார்கள். இவற்றை ஒவ்வொன்றாக நம் வீட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அசுகிப் பயறும் நம் பாசிப்பயறும் ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. நம் பாட்டிமார் பிறந்த குழந்தைக்கும் பயத்தம் மாவு தேய்த்தே குளிப்பாட்டினர். ஹெச்சிமா என்பது நம் நுரைப்பீர்க்கு. அதன் காய்ந்த நாரை முதுகு தேய்க்க நாம் அறிவோம். சுபாகி மரமோ நீலகிரியில் விளையும் தேயிலைச் செடியின் நெருங்கிய உறவு. எண்ணெய்க்கு நமக்கு நல்லெண்ணெயும் தேங்காயெண்ணெயும் இருக்கின்றன. தலைக்குச் சீயக்காயும் அரப்பும் இருக்கின்றன. ஆக, ஜப்பானியப் பெண்கள் அயல்நாட்டுப் பொருளைத் தேடி ஓடவில்லை. தங்கள் வயலில் விளைந்ததையும் வேலியில் படர்ந்ததையும் பயன்படுத்தினார்கள். அவர்களைப் பின்பற்ற விரும்பினால், நாம் பின்பற்ற வேண்டியது இந்தப் பழக்கத்தை அன்றோ?

ஆனால், நம் கருத்து இதோடு முடிந்துவிடவில்லை. 'பழமையெல்லாம் நன்மை, புதுமையெல்லாம் தீமை' என்று சொல்லிவிட்டு அமர்ந்துகொள்வது எளிது. உண்மை அவ்வளவு எளிதாக இல்லை.

பழைய உணவும் பழைய செடிகளும் மட்டுமே ஆயுளைத் தந்திருந்தால், பழைய ஜப்பானியர் நூறாண்டு வாழ்ந்திருக்க வேண்டும். அப்படி வாழ்ந்தார்களா? போர் முடிந்தபின், 1947-ஆம் ஆண்டில், ஜப்பானிய ஆண்களின் சராசரி ஆயுள் 50, பெண்களுக்கு 54. காசநோயும் குழந்தை மரணமும் அந்நாட்டை வாட்டின. அதற்கும் முன்பு, அங்கே பெரிபெரி என்னும் நோய் பல்லாயிரம் உயிர்களைக் குடித்தது. தவிடு நீக்கிப் பளபளவென்று தீட்டிய வெள்ளை அரிசிச் சோற்றை உயர்ந்த உணவாக நகரத்தாரும் படைவீரரும் உண்டதே அதற்குக் காரணம். 1882-ஆம் ஆண்டு புறப்பட்ட 'ரியூஜோ' என்ற போர்க்கப்பலில் இருந்த 376 பேரில் 169 பேருக்குப் பெரிபெரி கண்டது. 25 பேர் இறந்தனர். தகாகி கனேஹிரோ என்ற கடற்படை மருத்துவர், உணவில்தான் குறை என்று உறுதியாக நம்பினார். 1884-ஆம் ஆண்டு 'த்சுகுபா' என்ற மற்றொரு கப்பலை ஏறக்குறைய அதே வழியில் அனுப்பி, வீரர்களின் சாப்பாட்டை மாற்றிக் கொடுத்தார். இம்முறை பெரிபெரியால் ஒருவரும் இறக்கவில்லை. பின்னர் அரிசியோடு பார்லி கலந்த உணவு கடற்படையில் வழக்கமாயிற்று. வெள்ளைச் சோறே உயர்ந்தது என்ற எண்ணம் எத்தனை உயிர்களைக் கொண்டது பாருங்கள்!

இங்கே நாம் பெருமைப்படத்தக்க செய்தி ஒன்றும் உண்டு. மலாயாவுக்குத் தோட்ட வேலைக்குச் சென்ற தமிழர்கள், அதே நாட்டில் வெள்ளைப் பச்சரிசி உண்டவர்களைப் போலப் பெரிபெரியால் மடியவில்லை. அவர்கள் உண்டது புழுங்கல் அரிசி. நெல்லை அவித்துக் காய வைக்கும்போது, தவிட்டில் உள்ள சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. பிராடன் என்ற ஆங்கில மருத்துவர் இந்த வேறுபாட்டைக் கவனித்து 1907-ஆம் ஆண்டு நூலாகவே எழுதினார். அந்தச் சத்தை, அதாவது பி-1 வைட்டமினை, 1936-ஆம் ஆண்டு செயற்கையாகச் செய்து காட்டிய ராபர்ட் வில்லியம்ஸ் பிறந்த ஊர் அன்றைய சென்னை மாகாணத்து நெல்லூர். ஏட்டறிவு இல்லாத நம் முன்னோர், நெல் அவிக்கும் அண்டாவில் ஓர் உயிர் காக்கும் அறிவைச் சேர்த்து வைத்திருந்தார்கள் என்றால் அது மிகையாகாது.

அதற்காக நம் பழைய உணவில் குறையே இல்லை என்றும் சொல்வதற்கில்லை. குன்னூரில் ராபர்ட் மக்காரிசன் என்ற மருத்துவர் 1920-களில் எலிகளுக்கு இந்தியாவின் பல பகுதி உணவுகளைக் கொடுத்து வளர்த்துப் பார்த்தார். கோதுமை, பால், பருப்பு, காய்கறி கொண்ட பஞ்சாபிச் சீக்கியர் உணவை உண்ட எலிகள் செழித்தன. தீட்டிய அரிசியையே பெரிதும் நம்பிய சென்னை மாகாணத்து ஏழையர் உணவை உண்ட எலிகள் நலிந்தன. அவர் வளர்த்த அந்த ஆராய்ச்சி நிலையமே பின்னர் 1958-ஆம் ஆண்டு ஐதராபாத்துக்குச் சென்று, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக விளங்குகிறது. வெறும் சோற்றைக் குவித்து, அதில் சிறிது குழம்பை ஊற்றி, ஊறுகாயைத் தொட்டுக்கொள்வது பாரம்பரிய உணவு ஆகாது. அது வறுமையின் உணவு. கம்பும் கேழ்வரகும் பயறும் கீரையும் மோரும் சேர்ந்ததே நம் பாரம்பரியம்.

அப்படியானால், 54 ஆண்டு என்றிருந்த ஜப்பானியப் பெண்ணின் ஆயுள் 87 ஆனது எப்படி? அவர்கள் பழையதில் நல்லதை வைத்துக்கொண்டார்கள்; கெட்டதைத் திருத்தினார்கள்; இரண்டையும் எல்லோருக்கும் சமமாகப் பரிமாறினார்கள். இதுதான் அவர்களுடைய இரகசியம் என்பது நம் துணிபு.

திருத்தியதற்கு நகானோ என்ற மலைநாட்டு மாநிலம் சான்று. குளிர்காலத்துக்கென்று உப்பில் ஊறவைத்த கீரையும், உப்பு மிகுந்த மிசோக் குழம்பும் அங்கே அன்றாட உணவு. அதனால் இரத்தக் கொதிப்பும் பக்கவாதமும் மிகுந்திருந்தன. மருத்துவர்களும் ஊர்ப் பெண்களும் சேர்ந்து வீடு வீடாகச் சென்று, குழம்பில் எவ்வளவு உப்பு இருக்கிறது என்று அளந்து காட்டினார்கள், குறைக்கச் சொன்னார்கள். காலப்போக்கில், 2010-ஆம் ஆண்டுக் கணக்கில், அம்மாநிலப் பெண்கள் ஜப்பானிலேயே நீண்ட ஆயுள் உடையவர்கள் ஆனார்கள். மாறாக, புகழ்பெற்ற ஒகினாவாவில் நடந்ததென்ன? போருக்குப் பின் அமெரிக்கப் படைத்தளங்களும், அவற்றோடு எண்ணெயில் பொரித்த அவசர உணவும் வந்தன. கிழங்கும் கீரையும் பின்வாங்கின. 2000-ஆம் ஆண்டுக் கணக்கில் ஒகினாவா ஆண்கள் 47 மாநிலங்களில் 26-ஆம் இடத்துக்குச் சரிந்தார்கள். பெண்களும் பின்னர் முதலிடத்தை இழந்தார்கள். அதே தீவு, அதே மண், அதே மூலிகை. ஆனால் தட்டு மாறிற்று, ஆயுளும் மாறிற்று!

சமமாகப் பரிமாறியதற்கு அவர்களுடைய பள்ளிக்கூடங்கள் சான்று. 1954-ஆம் ஆண்டே பள்ளி உணவுக்கென்று ஜப்பானில் சட்டம் வந்தது. பணக்கார வீட்டுப் பிள்ளையும் ஏழை வீட்டுப் பிள்ளையும் ஒரே உணவை உண்கிறார்கள். மாணவ மாணவியரே வெள்ளை மேலங்கி அணிந்து முறை வைத்துப் பரிமாறுகிறார்கள். உண்டபின் அவர்களே சுத்தம் செய்கிறார்கள். 1961-ஆம் ஆண்டு முதல் குடிமக்கள் அனைவருக்கும் மருத்துவக் காப்பீடும் உண்டு. நம் தமிழகம் இதில் பின்தங்கிவிடவில்லை என்பதையும் மகிழ்ச்சியோடு சொல்ல வேண்டும். காமராசர் ஆட்சியில் 1956-இல் மதிய உணவு, எம்.ஜி.ஆர். ஆட்சியில் 1982-இல் சத்துணவு. 2022-இல் காலை உணவு என்று நம் மாநிலமும் பிள்ளைகளின் தட்டை நிரப்பக் கற்றுக்கொண்டது.

இன்னும் அருகே சென்றால், நம் நெய்வேலிக்குப் பக்கத்து ஊர் வடலூர். இராமலிங்க அடிகளார் 1867-ஆம் ஆண்டு அங்கே தருமச்சாலையைத் தொடங்கி, பசித்து வந்தவர்க்கெல்லாம் சாதி சமயம் பாராமல் சோறிட்டார். அன்று மூட்டிய அடுப்பு இன்றும் அணையவில்லை. அவரே நாள்தோறும் ஒருவர் கடைப்பிடிக்க வேண்டிய ஒழுங்கையும் எழுதி வைத்தார். விடியுமுன் எழ வேண்டும். உண்ணும்போது மிகுந்த வேகமும் கூடாது, மிகுந்த தாமதமும் கூடாது. உணவிலும் உறக்கத்திலும் அளவு வேண்டும் என்பவை அதில் அடங்கும். கரிசலாங்கண்ணியையும் தூதுவளையையும் அவர் பெரிதும் போற்றினார். ஜப்பானில் கைபாரா எக்கிகென் என்ற அறிஞர் தம் முதிய வயதில் 1713-ஆம் ஆண்டு எழுதிய உடல்நல நூலும் அளவான உணவையே வற்புறுத்துகிறது. வயிற்றில் பத்தில் எட்டுப் பங்கு நிறைந்ததும் எழுந்துவிட வேண்டும் என்பது அந்நாட்டுப் பெரியோர் வாக்கு. அரை வயிறு சோறு, கால் வயிறு நீர், கால் வயிறு வெற்றிடம் என்பது நம் பெரியோர் வாக்கு. நம் வீடுகளிலும் கன்னியர் மடத்திலும் தவக்காலத்தில் ஒரு வேளை உணவைக் குறைத்து, அதை இல்லாதவர்க்குக் கொடுக்கும் வழக்கமும் இதே உண்மையைத்தான் கற்பிக்கிறது: அளவோடு உண், மிச்சத்தைப் பகிர்ந்து கொடு.

இவ்வளவு செல்வம் கையில் இருந்தும் நம் நிலை என்ன? இங்கேதான் நெஞ்சு கனக்கிறது. 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் நூற்றுக்கு 57 பேருக்கு இரத்தசோகை. நம் தமிழ்நாட்டிலும் பாதிக்கு மேற்பட்ட பெண்களுக்கு இதே குறை. அதாவது, ஒரு வகுப்பில் 40 மாணவியர் இருந்தால், 20 பேருக்கு மேல் இரத்தம் குறைந்தவர்களாய் இருக்கக்கூடும். காலை வழிபாட்டு நேரத்தில் மயங்கி விழுவதும், படியேறினால் மூச்சு வாங்குவதும், முடி கொட்டுவதும், முகம் வெளிறுவதும், பாடத்தில் மனம் நில்லாததும் பெரும்பாலும் இதனால் இருக்கலாம். வெளிறிய முகத்துக்குக் குப்பியில் மருந்து தேடுகிறோம். அதற்குரிய மருந்தோ முருங்கை மரத்தில் தொங்குகிறது!

ஏன் இந்தக் குறை? சத்துள்ள உணவு கிடைக்காத வீடுகள் உண்டு, அதை மறுக்கவில்லை. ஆனால் கிடைக்கும் வீட்டிலும் ஒரு வழக்கம் இருக்கிறது. அப்பாவுக்கு முதலில் பரிமாறப்படுகிறது. பிறகு அண்ணன் தம்பிக்கு. பிறகு பெண் பிள்ளைக்கு. கடைசியில், எல்லோரும் எழுந்தபின், அடிச்சட்டியில் ஒட்டியிருப்பது அம்மாவுக்கு. மீன் வாங்கினால் நடுத்துண்டு யாருக்கு, வால் யாருக்கு என்பது எழுதப்படாத சட்டம். முதல் ஷிப்டுக்குச் செல்பவருக்கு விடியுமுன் சமைத்துக் கொடுத்து, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, பதினொரு மணிக்கு ஆறிய இட்லியோடு அமரும் அன்னையர் நம் குவார்ட்டர்ஸ்களில் எத்தனை பேர்! பிறருக்காகத் தன்னை மறப்பது தாய்மையின் பெருமை என்று நாம் பாடுகிறோம். அந்தப் பெருமைக்கு விலையாக அவர்கள் தம் இரத்தத்தைக் கொடுக்கிறார்கள் என்பதை யார் எண்ணிப் பார்க்கிறோம்? ஜப்பானில் நூறு வயது கடந்தோரில் பெரும்பாலோர் பெண்கள் என்றோம். வீட்டுப் பெண்ணின் தட்டு காலியாக இருக்கும் வரை, எந்த நாட்டு மூலிகையும் அவளுக்கு நீண்ட ஆயுளைத் தந்துவிடாது.

இனி, நிறத்தைப் பற்றிச் சில சொற்கள். வெள்ளைத் தோல் ஏழு குறைகளை மறைக்கும் என்று ஜப்பானில் ஒரு பழமொழி உண்டு. அந்த மோகத்தால் அவர்கள் பட்ட துன்பமும் உண்டு. அந்நாட்டு நடிகர்களும் பெண்களும் முகத்தில் பூசிய வெள்ளை மாவில் ஈயம் கலந்திருந்தது. பல்லாண்டுகள் பூசியவர்களுக்கு நரம்புத் தளர்ச்சியும் நடுக்கமும் வந்தன. 1930-களில்தான் ஈய மாவின் உற்பத்தி அங்கே தடை செய்யப்பட்டது. அது பழங்கதை என்று தள்ளிவிட முடியாது. 1975-ஆம் ஆண்டு நம் நாட்டில் விற்பனைக்கு வந்த ஒரு சிவப்பழகுக் களிம்பு, பலத்த எதிர்ப்புக்குப் பின், 2020-ஆம் ஆண்டுதான் தன் பெயரிலிருந்து அச்சொல்லை நீக்கிக்கொண்டது. சில கள்ளக் களிம்புகளில் பாதரசம் இருக்கிறது. அது தோலின் வழியே உடம்பில் ஏறிச் சிறுநீரகத்தைக் கெடுக்கிறது. கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில் இத்தகைய களிம்பால் சிறுநீரகம் பாதிக்கப்பட்டவர்களை மருத்துவர்கள் கண்டறிந்த செய்தி 2023-ஆம் ஆண்டு வெளிவந்தது.

நம் தோலின் கருமை ஒரு நோயன்று. அதை நீக்க மருந்தும் வேண்டியதில்லை. மெலனின் என்னும் அந்நிறப்பொருள், நெய்வேலி வெயிலிலிருந்து நம்மைக் காப்பதற்கென்றே இயற்கை பிடித்த குடை. அப்படியிருக்க, ஆண்டு விழா நடனத்தில் சிவந்த பெண்ணை முன்வரிசையிலும் கறுத்த பெண்ணைப் பின்வரிசையிலும் நிறுத்தும் வழக்கம் ஊரில் பல இடங்களில் இருக்கிறது. கிறிஸ்து பிறப்பு நாடகத்தில் மாதா வேடத்துக்குச் சிவந்த முகத்தையே தேடுகிறார்கள். நாசரேத்து வெயிலில் கிணற்றில் நீர் மொண்டு, மாவரைத்து, அடுப்பூதிய அந்த ஏழைத் தாயின் முகம் எந்த நிறத்தில் இருந்திருக்கும் என்று அவர்கள் எண்ணிப் பார்த்ததுண்டோ? ஒரு மாணவி மேடையின் பின்வரிசையில் நின்று கற்றுக்கொள்ளும் பாடத்தை, எந்தப் பாடப்புத்தகமும் பின்னர் அழித்துவிட முடியாது.

செடிகளைப் பயன்படுத்துவதிலும் அறிவு வேண்டும். இயற்கை என்ற ஒரே காரணத்துக்காக எல்லாம் நல்லதாகிவிடாது. எலுமிச்சைச் சாற்றை முகத்தில் பூசிக்கொண்டு வெயிலில் சென்றால் தோல் வெந்து கறுக்கும். புதிய மாவையோ இலையையோ முதலில் முழங்கையின் உட்புறத்தில் சிறிது தடவி, ஒரு நாள் பொறுத்துப் பார்ப்பதே முறை. தேமல், படை, ஆறாத பரு முதலியவற்றுக்கு மருத்துவரிடம் செல்வதே அறிவுடைமை. பச்சைத் தேநீரானாலும் நம் ஊர்த் தேநீரானாலும், சாப்பாட்டோடு சேர்த்துக் குடித்தால் உணவில் உள்ள இரும்புச்சத்து உடம்பில் சேராமல் தடைபடும். அதே உணவோடு ஒரு நெல்லிக்காயோ எலுமிச்சைச் சாறோ சேர்ந்தால் அச்சத்து நன்றாகச் சேரும். பள்ளியில் கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரையைச் சன்னல் வழியே எறியும் தோழியர் இதைக் கவனிப்பார்களாக!

"பேசுவது எளிது, சமைப்பதற்கு நேரம் எங்கே?" என்று பெற்றோர் கேட்கலாம். நியாயமான கேள்வி. வேலைக்குச் செல்லும் அன்னையர் பெருகிவிட்ட இக்காலத்தில், இரண்டு நிமிடத்தில் வேகும் நூடுல்ஸ் துணைக்கு வருவதை நாம் குறை கூறவில்லை. ஆனால், கூழுக்கு மாவை முதல் நாள் இரவே கரைத்து வைத்துவிடலாம். சர்க்கரைவள்ளிக் கிழங்கு குக்கரில் தானே வேகும். நம் வட்டாரத்தில் விளையும் மல்லாட்டையை அவித்து ஒரு பிடி டப்பாவில் போட எத்தனை நேரம் ஆகும்? நூறு கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச்சத்து இருக்கிறது. தீட்டிய அரிசியில் அது 10 மில்லிகிராம் அளவே. 2023-ஆம் ஆண்டை ஐக்கிய நாடுகள் அவை சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடியது. ஆயினும், டிபன் டப்பாவில் கேழ்வரகு அடையைக் கண்டால் ஏளனம் செய்யும் பழக்கம் மாணவியராகிய நம்மிடம் இருக்கும் வரை, எந்த அன்னை அதைச் செய்து அனுப்பத் துணிவாள்? எனவே மாற்றம் முதலில் நம் வாயிலிருந்து தொடங்க வேண்டும்.

என்ன செய்யலாம் என்று நமக்குத் தோன்றும் நான்கு வழிகளை இங்கே வைக்கிறோம். முதலாவது, வாரத்தில் ஒரு நாள் எல்லா மாணவியரும் கம்பு, கேழ்வரகு, பயறு, கிழங்கு இவற்றில் ஒன்றைக் கொண்டுவரும் நாளாகப் பள்ளி அறிவிக்கலாம். ஆசிரியைகளும் அருட்சகோதரிகளும் அன்று நம்மோடு அமர்ந்து உண்டால், ஏளனத்துக்கே இடமிராது. இரண்டாவது, பள்ளி மதிலோரத்திலும் ஒவ்வொரு குவார்ட்டர்ஸ் தோட்டத்திலும் ஒரு முருங்கை, ஒரு கறிவேப்பிலை, ஒரு பீர்க்கங்கொடி வளர்க்கலாம். மூன்றாவது, நகானோப் பெண்களைப் போல நாமும் நம் வீட்டு உப்பைக் கவனிக்கலாம். ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்கு மேல் உப்பு கூடாது என்பது உலக நலவாழ்வு நிறுவனத்தின் அறிவுரை. அப்பளம், ஊறுகாய், கருவாடு, சிப்ஸ் இவற்றைக் கூட்டிப் பார்த்தால் நாம் எங்கே நிற்கிறோம் என்பது தெரியும். நான்காவது, எல்லாவற்றிலும் முக்கியமானது: இரவுச் சாப்பாட்டுக்கு வீட்டிலுள்ள அனைவரும் ஒன்றாக அமர வேண்டும், அம்மாவும் அமர வேண்டும். பரிமாறும் வேலையை அண்ணனும் தம்பியும் நாமும் முறை வைத்துச் செய்யலாம். ஜப்பானியச் சிறுவன் வகுப்பறையில் செய்வதை நெய்வேலிச் சிறுவன் வீட்டில் செய்யக் கூடாதா?

நம் நகரம் எப்படிப் பிறந்தது என்பதை எண்ணிப் பாருங்கள். 1930-களில் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் கிணற்றுக்காகத் தோண்டியபோது வெளிப்பட்ட பொருளை வேண்டாத மண் என்று கொட்டிவிட்டிருந்தால், 1956-ஆம் ஆண்டு நிலக்கரி நிறுவனமும் பிறந்திராது. இந்த நகரியமும், இதன் பள்ளிகளும் இருந்திரா. காலடியில் கிடந்ததன் மதிப்பை அறிந்ததால் ஊருக்கு ஒளி கிடைத்தது. அது பழுப்பு நிறம் என்று யாரும் வெட்கப்படவில்லை. அதை வெளுக்க யாரும் முயலவும் இல்லை!

கடல் கடந்த நாட்டிலிருந்து நல்லதைக் கற்றுக்கொள்வோம். ஆனால் அவர்களிடமிருந்து வாங்க வேண்டியது குப்பியை அன்று, கொள்கையை. தன் மண்ணில் விளைந்ததை மதிக்கும் மனமும், தவறான வழக்கத்தைத் திருத்தும் துணிவும், ஒரே சட்டியிலிருந்து எல்லோருக்கும் ஒரே அளவாக அள்ளிப் போடும் அகப்பையும் நமக்கு வாய்க்குமானால், ஆயுளும் அழகும் நம் அடுப்படியிலேயே கிடைக்கும். இன்று இரவே தொடங்கலாம். அம்மாவுக்கும் ஒரு தட்டு வைப்போமாக!